எங்கள் வாசலுக்கு வராத கம்பம்

கண்ணு,

நீ ஏறிய பெங்களூர் பஸ் திருவண்ணாமலை ரோட்டில் திரும்பி மறையும் வரை பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்துவிட்டேன். தாலுகா ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. பட்டா மாற்ற ஒருவரும் முதியோர் பணம் நின்றுபோனதைக் கேட்க ஓர் அம்மாவும் வேப்பமரத்தடியில் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், இன்று முதலில் என் மனுவை எழுதிக்கொள்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறாயே, உனக்கென்று ஒன்று எழுதியதுண்டா என்று நீ பள்ளிக்கூடம் போகும்போது கேலி செய்வாய். ஒன்று எழுதியிருக்கிறேன். அப்போது உனக்கு எட்டு வயது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நம் வீட்டு விஷயத்தைத் தெருவில் வைக்கிறவள் இல்லை நான் என்பது உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டாருக்குக்கூட நம் வீட்டுக் குழம்பு என்னவென்று தெரியாமல் குடித்தனம் செய்தவள். ஆனால் அந்த மனு எட்டு வீடுகளின் கையெழுத்தோடு போனது. எட்டு வீட்டின் பெயரில் செய்த தவற்றை உன் காதில் மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. அதனால் யார் படித்தாலும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டே உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். ஓசூரில் நேற்றுவரை ராகிக் கொல்லையாக இருந்த இடங்களில் இன்று மாடி வீடுகள் நிற்கின்றன, அவற்றின் தலைக்கு மேலே இன்னமும் பழைய கம்பிகள் போகின்றன, அவற்றைக் கழற்றிவிட்டுத் தெரு ஓரமாக உறை போட்ட கேபிள் இழுக்கிறோம் என்றாய். வலது மோதிர விரல் மடங்காததால் உன்னைக் கம்பம் ஏற விடவில்லை. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், இங்கே ஒரு கம்பம் வரும் என்று சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் உனக்குக் கொடுத்த வேலை. அதைக்கூட நீ சந்தோஷமாகத்தான் சொன்னாய். பிறகு கையில் கவளத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னாய்:

"ஒரே தெருவுல பதினோரு கம்பம் மா. பத்து வீட்ல ஒத்துக்கினாங்க. ஒரு வீட்ல மட்டும் வேணாம்னு மனு குடுத்துட்டாங்க, மொத்த வேலையும் நின்னுபோச்சு. மனுவ பாக்கணுமே நீ! நீ எழுதற மாதிரியே முத்து முத்தா கீது. படிச்ச பொம்பள போல. இப்டி எழுதறவங்க கைய ஒடிக்கணும் மா, அப்பத்தான் புத்தி வரும்."

உன் நைனா பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "மோர் இருக்குதா மே?" என்று என்னைக் கேட்டார். மோர்ச் சொம்பு அவர் தட்டுக்கு முன்னால்தான் இருந்தது. நான் எழுந்து சமையலறைக்குள் போய், இல்லாத மோரைக் கொஞ்ச நேரம் தேடினேன்.

நம் தெரு உனக்கு எப்போதும் தெருவாகத்தான் தெரியும். நானும் நைனாவும் கல்யாணமாகி வந்த புதிதில் அது பாதி மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை விதைத்துக் கிடந்தது. பம்ப்செட்டுக்காக எப்போதோ இழுத்த நாலு கம்பிகள் கொல்லையின் குறுக்கே போயின. கொல்லையை மனை போட்டு விற்றபோது கம்பிகளை யாரும் விற்கவில்லை, வாங்கவுமில்லை. அவை அங்கேயே இருந்தன. அவற்றுக்குக் கீழே நாங்கள் சுவர் எழுப்பி, தளம் போட்டோம். ஒவ்வொரு வீடும் ஒரு மாடி உயர்ந்தபோது கம்பிகள் ஒரு மாடி இறங்கின. ஆடிக் காற்றில் ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்கும். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வைத்தியம், பிளம்பரிடம் பிளாஸ்டிக் பைப் வாங்கி நெடுக்கே கீறி, கரண்ட் போன நேரம் பார்த்துக் கம்பிக்குச் சட்டை மாட்டுவது. எட்டு வீட்டிலும் மாட்டினோம். மாட்டிவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நம்பினோம். வெயிலில் அந்தப் பைப்புகள் வெடித்து ஒவ்வொன்றாக நழுவி விழுந்ததை யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் கரண்ட் ஆபீசிலிருந்து லைன்மேன் வேலாயுதம் வந்து தெருவை அளந்தார். லைனை மாடிகளுக்கு மேலிருந்து எடுத்துத் தெருவோரமாகக் கொண்டுபோகப் போவதாகவும் முனையில் புது டிரான்ஸ்பார்மர் வரும் என்றும் சொன்னார். ஆறு இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். நாலாவது வட்டம் நம் வாசலுக்கு நேரே விழுந்தது. வாசலுக்கு நேரே கம்பம் நின்றால் வாசக் குத்து, வீட்டுக்கு ஆகாது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நான் படித்த புத்தகங்கள் என்னை அந்த அளவுக்காவது காப்பாற்றியிருந்தன. என் காரணம் வேறு. முன் அறையின் சுவரை உடைத்து ஷட்டர் வைத்து, ஒரு ஜெராக்ஸ் மிஷின் போட்டு, வெயிலில் மேசை போட்டு உட்கார்வதை விட வேண்டும் என்று உன் நைனாவுக்குக்கூடச் சொல்லாமல் மனதுக்குள் ஒரு கடை கட்டி வைத்திருந்தேன். கம்பம் அந்த ஷட்டருக்கு நடுவே வந்து நின்றது. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே நம்பாத வாசக் குத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். மனுவிலோ அதுவும் இல்லை. பள்ளி வேன் திரும்ப இடமிருக்காது, ஆம்புலன்ஸ் வர முடியாது, பிள்ளைகள் விளையாடும் இடம் போய்விடும் என்று எழுதினேன். பிள்ளைகள் என்று எழுதும்போது உன்னைத்தான் நினைத்தேன்.

எதிர்வீட்டுப் பச்சையம்மா அக்கா மட்டும் வாசித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்குப் பூக் கட்டத் தெரியும், பேச்சுத் தெரியும், எழுத்துத் தெரியாது. மடியில் கனகாம்பரத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"எல்லாம் சரி. அப்ப கம்பமே வேணாமா?"

"நம்ம தெருவுல வேணாம்கா. வாசக் குத்துன்றாங்க."

"எனக்கு இன்னா குத்தப் போவுது? இருக்கறது நானும் இந்தப் பூக்கூடையும். என் வாசல்ல வந்து நட்டுக்கச் சொல்லு. அதுல ஒரு லைட்டு போட்டாங்கன்னா சாயங்காலம் நாலு மொழம் சேத்து விக்கும். அதயும் எழுதிக்க, மறந்துடாத."

"சரிக்கா" என்றேன். அவள் மை தடவிக் கட்டைவிரலை வைத்தாள். அந்த வரியை எழுதத்தான் வீட்டுக்குப் போனேன். எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதை இத்தனை வருடத்தில் எனக்கே பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேண்டாம் என்று கேட்கும் மனுவில் வேறு வழியைச் சொல்லக்கூடாது. சொன்னால் ஆபீசில் அந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுவார்கள் என்று எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர்கள் சொல்வார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, சொல்லவே கூசுகிறது. அந்த மனு அழகாக வந்திருந்தது. ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லாமல் ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. பூக்காரியின் வாசலும் அவள் கேட்ட விளக்கும் அதற்குள் வந்தால் நடை கெட்டுவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான், கண்ணு. எதிர்ப்பக்கம் நட்டிருந்தால் என் ஷட்டருக்கும் பழுதில்லை. ஒரு வரியை என் எழுத்தின் அழகுக்காக விட்டேன்.

மனு ஜெயித்தது. தோண்டிய குழிகளை மூடிவிட்டுப் போனார்கள். இறக்கிப் போட்ட சிமெண்ட் கம்பங்களில் ஒன்றை மட்டும் எடுத்துப் போக வண்டி வரவில்லை. அது நம் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு வருடத்துக்கு மேல் படுத்துக் கிடந்தது. அதன் மேல் கைகளை விரித்துக்கொண்டு முனைக்கு முனை விழாமல் நடக்க நீ பழகினாய். பெண்கள் அதில் உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். "உன் பேனா, கம்பத்தயே படுக்க வெச்சிட்டுது பாரு" என்று தெருவில் என்னிடம் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதி உலகத்தில் ஒன்று நகர்ந்தது அதுதான் முதல் முறை.

உனக்கு ஒன்பது வயதில் நடந்தது உனக்கு நினைவிருப்பது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன். காலையில் மழை பெய்து விட்டிருந்தது. முருங்கைக்கீரை பொரிக்கலாம் என்று தோன்றி, "மாடிக்குப் போயி ரெண்டு கொத்து பறிச்சினு வா" என்று உன்னை அனுப்பியது நான். நனைந்த மூங்கில் தொரட்டியைச் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் நான். பிறகு கதவோரம் உட்கார்ந்து பாதியில் விட்ட புத்தகத்தை எடுத்தேன். விளக்கு ஒருமுறை சிமிட்டியது. நான் பக்கத்தைப் புரட்டினேன். நீ கத்தவே இல்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. எதிர் வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த பச்சையம்மா நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். மாடியில் கம்பியில் பட்ட தொரட்டியைப் பிடித்தபடி நீ நடுங்குவதைக் கண்டவள், செருப்பு கூட இல்லாமல் நம் வெளிப்படிகளில் ஏறிப் போய், அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியால் தொரட்டியை ஓங்கி அடித்தாள். நான் மேலே போனபோது நீ அவள் மடியில் கிடந்தாய். உன் தலைமுடியெல்லாம் கனகாம்பரம். "உசுரு இருக்குது, உசுரு இருக்குது, நீ அலறாத" என்று என்னை அதட்டிக்கொண்டே அவள் அழுதாள். செஞ்சி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். உள்ளங்கையும் மூன்று விரல்களும் வெந்திருந்தன. இரண்டு விரல்கள் திரும்பி வந்தன.

கட்டுப் போட்ட உன்னையும் கூட்டிக்கொண்டுதான் கரண்ட் ஆபீசுக்குப் போனேன், லைனை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு இன்னொரு மனுவோடு. வேலாயுதம் பழைய காகிதக் கட்டைப் பிரித்தார். அதற்குள்ளிருந்து என் முதல் மனுவை எடுத்துப் புது மனுவின் பக்கத்தில் வைத்தார். ஒரே கையெழுத்து, ஒரே மை. அவர் இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், உன் கட்டைப் பார்த்தார். அங்கே வேறு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே உதிர்ந்திருப்பேன். அவர் பழைய மனுவை நாலாக மடித்து அடியில் செருகிவிட்டு, "இத நான் பாத்துக்கறேன், நீங்க கொயந்தய வெயில்ல நிக்க வெக்காம கூட்டிம் போங்க" என்றார். எந்த வாசலில் நடுவது என்றுதான் கடைசியாகக் கேட்டார். அப்போதுதான் பச்சையம்மாவின் வரி என் வாயிலிருந்து வந்தது. "இத அப்பவே சொல்லி இருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். சில மாதத்தில் படுத்துக் கிடந்த கம்பம் எழுந்து எதிர்வாசலில் நின்றது. மாடிக்கு மேலே கம்பி இல்லாத வானத்தை நீ கட்டு அவிழ்த்த கையால் எனக்குக் காட்டினாய்.

நான் செய்த இரண்டாவது தவறு அதற்குப் பிறகு தொடங்கியது. உனக்குக் கோபப்பட ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் லைன் வரவில்லை என்று யாரோ உனக்குச் சொன்னார்கள். நீ பிடித்துக்கொண்டாய். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் எடுத்ததே அந்தக் கோபத்தில்தான். "நான் வந்தா அவனுங்க மாதிரி தூங்க மாட்டேன் மா" என்பாய். நான் சும்மா இருந்தேன். வேலாயுதம் ரிட்டயர் ஆகி, இப்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காலையில் பேப்பர் படிக்கிறார். போன தடவை நீ வந்தபோது "இன்னா தம்பி, கரண்ட் வேலைக்கே பூட்டியாமே!" என்று ஆசையாகக் கேட்டார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாய். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பரவாயில்லை என்று சொல்வதுபோல. அவர் ஒரு வார்த்தையில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். உன் மனதில் உன் அம்மா அம்மாவாகவே இருக்கட்டும் என்று இத்தனை வருடம் அந்தக் கோபத்தை அவர் வாங்கிக்கொண்டார். பச்சையம்மாவும் சொல்லவில்லை. உன் நைனாவும் சொல்லவில்லை. நெல் கமிட்டியில் நாள் முழுக்க மூட்டைகளை எடைபோடும் மனுஷன், என்னை ஒருநாளும் எடைபோட்டதில்லை. பின்னாளில் அந்த ஷட்டர் ஆசையைச் சொன்னபோதும், சுவர் இன்னும் உடையாமல் இருப்பது ஏன் என்றுகூடக் கேட்டதில்லை.

பாவமன்னிப்பு கேட்கும் எண்ணத்தில்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத நன்றிதான் வருகிறது, எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள் நான். நீயும் நானும் ஒன்றாக வளர்ந்தவர்கள்தான், உன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக நான் வளர்ந்தேன். படித்த புத்தகங்களிலிருந்து எனக்கு நிறையச் சொற்கள் கிடைத்தன. மனுஷர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு பூக்காரியும் ஒரு லைன்மேனும் எனக்குப் பேசாமல் காட்டினார்கள். உனக்கு விரல் மடங்காமல் போனது என்னால். அந்தக் கையாலேயே நீ பென்சில் பிடித்துப் படித்து, வரைபடம் தூக்கி, முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தாய். இந்தக் கடிதம் அதில்தான் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நாள் நீ போன் எடுக்காமல் இருந்தால் எனக்குப் புரியும். அடுத்த மாதம் லீவுக்கு வராமல் ஓசூரிலேயே இருந்துகொண்டால், அதையும் நான் கேட்க மாட்டேன். ஆனால் வந்தால், டீக்கடைப் பக்கம் போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசு.

மேசைக்கு வரும் வழியில் பச்சையம்மா வாசலில் நின்றேன். கம்பத்தில் ஆணி அடித்துப் பூக்கூடையை மாட்டியிருக்கிறாள். மேலே தெருவிளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் உனக்கு எழுதப் போவதாகச் சொல்லி, அவள் பெயரையும் எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதேன். அன்னிக்கே எழுதச் சொன்னேன், இப்பத்தான் வந்து கேக்கற" என்றாள். பிறகு கம்பத்தைத் தட்டிக் காட்டி, "கம்பம் வந்த நாளா எனக்கு ஒரு கொறையும் இல்ல. வாசக் குத்தாம், வாசக் குத்து! இந்த லைட்டு பகல்லயும் எரியுது, அணைக்க ஆள் அனுப்பச் சொல்லி ஒரு மனு எழுது மொதல்ல" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் என் தலையில் ஒரு கண்ணி பூ வைத்துவிட்டாள், காசு வாங்கவில்லை.

உன் தெருவில் அந்தப் பதினோராவது வீட்டுக்கு நீ நாளைக்கே போவாய் என்று தெரியும். அந்தப் பெண்ணின் மேல் கோபத்தோடு போகாதே. அவள் மனுவில் எழுதிய காரணங்கள் உண்மையாக இருக்காது. உண்மைக் காரணம் அவளுக்குச் சொல்ல வெட்கமான சின்ன ஆசையாக இருக்கும், என் ஷட்டர் மாதிரி. ஏன் வேண்டாம் என்று கேட்டால் அவள் இன்னும் அழகாகப் பேசுவாள். எங்கே வைத்தால் உனக்குச் சரி என்று கேள். அவளிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதே. எதிர்வீட்டில் படிக்கத் தெரியாத யாராவது இருப்பார்கள், மனுவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கைநாட்டு வைத்தவர்கள். அவர்கள் சொன்னது தாளில் இருக்காது. வாசலில் கொஞ்சம் நின்று அவர்களிடமும் கேட்டு, கேட்டதை உன் வரைபடத்தின் ஓரத்திலாவது எழுதி வை. விரல் மடங்காததால் உனக்குக் கிடைத்த வேலை இது. எனக்கு அன்று இப்படி ஒருவன் வந்து கேட்டிருந்தால் போதும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

தாலுகா ஆபீஸ் கதவு திறந்துவிட்டது. அந்த அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். முடிப்பதற்கு முன், விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன். பதினான்கு வருடம் தாமதமாகத்தான் எழுதுகிறேன், இருந்தாலும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும்:

மேற்படி தெருவில் எதிர்வீட்டில் வசிக்கும் பச்சையம்மாள், கம்பத்தைத் தன் வாசலில் நட்டுக்கொள்ள முழு மனதோடு சம்மதிக்கிறார். அதில் ஒரு விளக்கும் போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா